மில்லுக்காரர் வீட்டு டீசல் அம்பாசிடர்



போன வாரம் நான் போட்ட வெள்ளைக் கார் படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் ஃபோன் செய்தீர்கள். "சார், இது ரைஸ் மில்லுக்காரர் கார்தானே? இன்னும் இருக்குதுங்களா?" என்று முதலில் கேட்டது 1988இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண். ஆமாம் அம்மா, அதே கார்தான். அது எப்படிப் பிழைத்தது என்று எழுதச் சொன்னீர்கள். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். வகுப்பறை என்றால் நாற்பது நிமிடத்தில் மணி அடித்துவிடும். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

முதலில் அந்தக் காரின் குலம் கோத்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். 1942இல் பி.எம். பிர்லா தொடங்கிய இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆரம்பத்தில் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் வண்டிகளைப் பூட்டிக்கொண்டிருந்தது. 1948இல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவுக்கு இடம் மாறியது. இங்கிலாந்தில் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை என்று விற்ற காரின் உரிமையை வாங்கி, 1950களின் இறுதியில் அம்பாசிடர் என்று பெயர் வைத்து இறக்கினார்கள். இங்கிலாந்துக்காரர்கள் சில வருடங்களிலேயே அதைக் கைவிட்டு வேறு மாடலுக்குப் போய்விட்டார்கள். நாம் 2014 மே மாதம் வரை செய்துகொண்டிருந்தோம்! 2017இல் அந்தப் பெயரை மட்டும் பிரான்ஸ் நாட்டு பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. காரை நிறுத்திய பிறகு பெயருக்கு அத்தனை விலை.

நம்ம மாகாணமும் சும்மா இருக்கவில்லை. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1955இல் அதுவே அசோக் லேலண்ட் ஆகி, லாரி, பஸ் என்று போய்விட்டது. வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு கம்பெனி ஹெரால்டு கார் செய்தது. ஆனாலும் கிராமத்து ரோட்டுக்கு அம்பாசிடரே நின்றது. 15 அங்குலச் சக்கரம், பின்னால் பட்டை ஸ்பிரிங், முன்னால் மூன்று பேர் உட்காரும் நீள சீட், ஸ்டியரிங்கிலேயே கியர். பின்னால் எத்தனை பேர் என்று யாரும் எண்ணியதில்லை. எண்ணினால் சட்டத்துக்கு ஆகாது.

அது எல்லாம் பெட்ரோல் வண்டி. 1973இல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையால் பெட்ரோல் விலை ஏறிய ஏற்றத்தில், கார் வைத்திருந்தவர்கள் அதை ஷெட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போனதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். லாரிக்கும் பஸ்ஸுக்கும் பம்ப் செட்டுக்கும் வேண்டும் என்பதால் டீசல் விலையை அரசாங்கம் தாழ்வாகவே வைத்திருந்தது. டாக்சிக்காரர்களும் மில்லுக்காரர்களும் பார்த்தார்கள்: காரில் டீசல் இன்ஜின் இருந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் டீசல் அம்பாசிடர் வந்தது. நம் நாட்டிலேயே செய்து விற்ற டீசல் கார்களில் அதுதான் முன்னோடி. இன்ஜின் இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனி வடிவமைத்தது. 1489 சி.சி., 37 குதிரைத்திறன். அதே அளவு பெட்ரோல் இன்ஜினுக்கு 50ஐ ஒட்டி இருந்தது. அதாவது குதிரையைக் குறைத்துக்கொண்டு தீவனத்தை மிச்சம் பிடித்தார்கள். இதே இன்ஜின்தான் இங்கிலாந்தின் கால்வாய்களில் போகும் ஒடுங்கிய படகுகளில் இன்றைக்கும் "டக டக" என்று ஓடிக்கொண்டிருக்கிறது.

டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? ருடால்ஃப் டீசல், ஜெர்மானியர். 1893இல் காப்புரிமை கிடைத்தது. 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் இன்ஜின் ஒழுங்காக ஓடியது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் இவர் முறையில் செய்த ஒரு இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். நம்ம பொள்ளாச்சிக் கடலைக்கு அப்போதே மவுசு வந்திருக்க வேண்டும், தவறிவிட்டது. 1913 செப்டம்பரில் கப்பலில் இங்கிலாந்து போகும்போது இரவோடு இரவாக மனிதர் காணாமல் போனார். கடலில் உடல்தான் கிடைத்தது; விழுந்தாரா, விழுத்தப்பட்டாரா என்று இன்றுவரை பேசுகிறார்கள். அவர் போய் 23 வருடம் கழித்து, 1936இல், மெர்சிடிஸ் 260 டி என்ற டீசல் கார் பெர்லின் கண்காட்சிக்கு வந்தது.

இந்த இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதுதான் பாடம். காற்றை இருபது மடங்குக்கு மேல் நெருக்கினால் அது கொதித்துப் போகும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பதால் பிளாக், கிராங்க் எல்லாம் கனமாக வார்க்கப்பட்டிருக்கும். பழைய டீசல் இன்ஜின் நீண்ட ஆயுசுக்குக் காரணம் அந்தக் கனம்தான். குளிர் காலையில் மட்டும் ஹீட்டர் பிளக் பட்டனைப் பிடித்துக் கொஞ்சம் சூடேற்றிவிட்டு சாவியைத் திருப்ப வேண்டும். ஆனைமலை அடிவாரத்தில் மார்கழிக் காலையில் மில்லுக்காரர் வீட்டு டிரைவர் உதட்டை அசைத்துக்கொண்டே இருபது எண்ணுவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சாமி கும்பிடுகிறார் என்று ஒரு பையன் என்னிடம் சொன்னான்.

மில்லுக்காரர் இந்த வண்டியை 1984இல் புதிதாக எடுத்தார். அவர் காலமாகி வெகு காலம் ஆகிறது. பிள்ளைகள் மூவரும் என் மாணவர்கள். பெரியவன் கோயம்புத்தூர், இளையவன் பெங்களூர், பெண் பொள்ளாச்சியில். மில் ஓடாமல் பல வருடம் ஆயிற்று. அந்த இடத்தை வீட்டு மனை போட விற்றாகிவிட்டது. மூன்று மாதத்தில் ஷெட்டைக் காலி செய்ய வேண்டும், உள்ளே கார் இருக்கிறது, என்ன செய்யலாம் என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். "சார், நீங்க வந்து சொன்னா அண்ணன் கேப்பாருங்க" என்று பெண் கூப்பிட்டாள். பெரியவன் நான்காம் வகுப்பிலேயே நான் சொன்னதைக் கேட்டதில்லை, இருந்தாலும் போனேன்.

கூடவே நம்ம மெக்கானிக் தம்பியையும் அழைத்துப் போனேன். எட்டாம் வகுப்போடு நின்று, பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கப் போனவன். இன்றைக்கு இருபது மைல் சுற்றளவில் பழைய டீசல் பம்பைப் பிரித்துப் பூட்ட அவன்தான் இருக்கிறான்.

ஷெட்டைத் திறந்ததும் அவன் பேசவே இல்லை. கார் நான்கு மரக்கட்டைகள் மேல் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது, டயரில் பாரம் விழாதபடி. பேட்டரி கழற்றித் தனியே வைக்கப்பட்டிருந்தது. பானெட்டுக்குள்ளும் சீட்டுக்கு அடியிலும் எலிக்காகப் புகையிலைக் காம்பு. பம்பரில் தேங்காய் எண்ணெய் பூசித் துடைத்த மினுக்கம். இதெல்லாம் யார் செய்தது? டிரைவர் அண்ணன்தான். வயது 76. சம்பளம் நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, பேட்டரியை மாட்டி, கால்மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டு, மறுபடி கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வீட்டில் யாருக்கும் தெரியாது. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு மட்டும் தெரியும். டீசல்? "ரெண்டு லிட்டர் வாங்கிட்டு வருவனுங்க வாத்தியாரே" என்றார். அவர் காசில்.

தம்பி பார்த்த முறையை எழுதுகிறேன், பழைய வண்டி வாங்கும் எண்ணம் இருப்பவர்களுக்கு உதவும். பெயிண்ட் பளபளப்பை அவன் பார்க்கவே இல்லை. கால் மிதியை உரித்துத் தரைத் தகட்டைத் தட்டினான். கதவுக்குக் கீழே இருக்கும் பெட்டித் தகடு, ஜாக்கி வைக்கும் இடம், டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடிப்பகுதி, இந்த மூன்றையும் விரலால் அழுத்தினான். துருப் பிடித்தால் முதலில் அங்கேதான் பிடிக்குமாம். பட்டி வைத்து மூடியிருந்தால் தட்டும் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டான். இரண்டும் அதேதான். இன்ஜின் மாறாத டீசல் அம்பாசிடர் அபூர்வம். கடைசியாக, "நேத்து யாரும் ஸ்டார்ட் பண்ணலீங்களே?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, குளிர்ந்த இன்ஜினை எழுப்பச் சொன்னான். சூடான இன்ஜினைக் காட்டி விற்பவரை நம்பக் கூடாது என்பது அவன் சித்தாந்தம். டிரைவர் அண்ணன் இருபது எண்ணினார். இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. ஒரு பொட்டு வெள்ளைப் புகை, அப்புறம் தெளிந்துவிட்டது. ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே வைத்தான். ரிங் தேய்ந்திருந்தால் அங்கே புகை குபுகுபுவென்று முட்டும். முட்டவில்லை. "சார், இது ரீபோர் ஒரே தடவதான் ஆயிருக்கும்" என்றான்.

"தொண்ணூத்தாறு ஆடி மாசம்" என்றார் டிரைவர் அண்ணன். சொல்லிவிட்டு டேஷ்போர்டு அறையிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தார். உள்ளே 11 நோட்டுகள். நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருப்பார்களே, அந்த நாற்பது பக்க நோட்டுகள்.

அன்று மாலை முழுதும் நான் அந்த நோட்டுகளோடுதான் இருந்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு வரி. தேதி, மீட்டர் எண், எங்கே போனது, யார் போனது, எத்தனை லிட்டர். ஆயில் மாற்றிய நாளுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு. வரலாற்றுப் புத்தகத்தில் நான் நடத்திய நாட்கள் எல்லாம் இதில் வேறு மாதிரி வந்து நின்றன. 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி சுடப்பட்டார் என்று நான் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். நோட்டில் அன்றைக்கு: பொள்ளாச்சிக்குப் போன வண்டி பாதியில் திரும்பியது, கடை இல்லை. அதே டிசம்பரில் தேர்தல், எங்களைப் போன்ற வாத்தியார்களை மலையடிவார வாக்குச்சாவடிகளில் இறக்கிவிட்ட கணக்கு இருக்கிறது. என் பெயரும் இருக்கிறது, எழுத்துப் பிழையோடு. 1987 டிசம்பர் 24, எம்.ஜி.ஆர். காலமான நாள். அதிலிருந்து சில நாட்களுக்கு மீட்டர் எண் அசையவே இல்லை.

ஆளியாறிலிருந்து வால்பாறை 40 கொண்டை ஊசி வளைவு. 37 குதிரையை வைத்துக்கொண்டு எஸ்டேட்டுக்கு அரிசி மூட்டையோடு ஏறிய நாட்களில் ஓரத்தில் "2ஆம் கியர்" என்று மட்டும் எழுதியிருக்கிறார். எங்கே நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார் என்று வளைவு எண்ணோடு இருக்கிறது.

சில தேதிகளைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. கேட்டேன். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போன நாட்களாம். நோட்டு முழுக்க 63 வட்டங்கள் எண்ணினேன். மில்லுக்காரர் யாரிடமும் வாடகை வாங்கியதில்லை; டீசல் மட்டும் அவரவர் வசதிக்கு. ஊருக்கு ஆம்புலன்ஸ் வராத காலத்தில் ஊரே அந்தக் காரில் பிறந்தது என்று சொன்னால் மிகை இல்லை. இதைப் படிக்கும் உங்களில் பலர் அந்த வட்டங்களுக்குள் இருக்கிறீர்கள்!

இனி தகராறுக்கு வருகிறேன். பெரியவன் பழைய இரும்புக்காரரிடம் விலை பேசி வைத்திருந்தான். ஒரு டன்னுக்குக் கொஞ்சம் கூடுதலாக எடை வரும். எடைக்கு எடை காசு, மறுநாளே வண்டி வந்து தூக்கிக்கொண்டு போகும். இளையவன் கோயம்புத்தூரில் கல்யாணத்துக்குக் கார் விடும் ஒருவரைப் பிடித்திருந்தான். அவர் இன்னும் அதிகம் தருவார். ஆனால் இந்த இன்ஜினை எடுத்துவிட்டுப் புது மாடல் இன்ஜின் வைத்து, பவர் ஸ்டியரிங், ஏ.சி., சிவப்பு வெல்வெட் சீட் போட்டுவிடுவார். பெண்ணுக்கு இரண்டும் பிடிக்கவில்லை, ஆனால் கார் நிறுத்த அவள் வீட்டில் இடம் இல்லை.

இன்ஜின் மாற்றுவதைப் பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். இந்துஸ்தான் கம்பெனியே 1990களில் ஜப்பானிய இசுசு இன்ஜினுக்கு மாறிக்கொண்டது. டாக்சி ஓட்டிக் குடும்பம் காப்பாற்றியவர்கள் கிடைத்த இன்ஜினை மாட்டி ஓட்டித்தான் எத்தனையோ அம்பாசிடர்களை உயிரோடு வைத்தார்கள். மாற்றிய வண்டிகள் நிறைய இருக்கட்டும். பிறந்த இன்ஜினோடும், ஓட்டியவர் கைப்பட எழுதிய கணக்கோடும் ஒரு வண்டி இருக்கும்போது அதையும் பிரிப்பது, ஓலைச்சுவடியைப் பிரித்துக் கட்டுக் கயிறை மட்டும் வைத்துக்கொள்வது போல.

பெரியவனின் வாதத்திலும் நியாயம் இருந்தது. "சார், ஆர்.சி. செத்துப்போச்சு. இதை ரோட்டுல எடுக்க முடியாது. அப்புறம் எதுக்குங்க?" என்றான். சொந்தக் கார் பதிவு 15 வருடம் செல்லும், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். இந்த வண்டியின் கெடு 2019இல் முடிந்துவிட்டது. 2022 ஏப்ரலில் மறுபதிவுக் கட்டணத்தையும் 600 ரூபாயிலிருந்து 5000 ஆக ஏற்றியிருந்தார்கள். தாமதக் கட்டணம், பசுமை வரி தனி. டெல்லியைச் சுற்றிப் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிக்குத் தடை என்பதைக் கேள்விப்பட்டு, இங்கேயும் தடை என்றே அவன் நினைத்திருந்தான். நம் மாநிலத்தில் அப்படி இல்லை. தகுதி இருந்தால் புதுப்பிக்கலாம் என்று தம்பி விளக்கினான். 2021இல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்ததே, அதில் சேர்க்கலாமா என்று நான் கேட்டேன். அதற்கு 50 வயது ஆக வேண்டும். இந்த வண்டிக்கு 2034இல்தான் ஆகும். பழசு என்று ஒதுக்கும் வயது வந்துவிட்டது, பழம்பெருமை என்று போற்றும் வயது வரவில்லை. ஓய்வூதியக்காரனான எனக்கு அந்த இடைப்பட்ட நிலை நன்றாகப் புரிந்தது.

பேச்சு நீண்டுகொண்டே போனது. டிரைவர் அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டால், "அது உங்க சொத்துங்க சாமி" என்று பெரியவனைப் பார்த்துச் சொன்னார். அப்போது பெண் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். 1986ஆம் வருட நோட்டு. திடீரென்று, "அண்ணா, இது என் தேதி" என்றாள். இரவு 1.40, பொள்ளாச்சி, அம்மா, வட்டம். அடுத்த வரியில் விடியற்காலைத் திரும்பிய மீட்டர் எண்.

பெரியவன் அந்த நோட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு அவன் தேதியைத் தேடவில்லை. அவன் பிறந்தது வண்டி வருவதற்கு முன்னால். அப்பா கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போன நாளைத் தேடினான். இருந்தது. அதற்கு வட்டம் இல்லை, திரும்பிய நேரம் மட்டும் இருந்தது.

முடிவு இப்படி ஆயிற்று. கார் பெண்ணின் பெயருக்கு மாறுகிறது. நிறுத்த இடம் தம்பியின் பட்டறைக்குப் பின்னால், மழை படாத ஷெட். புதுப்பிக்கும் செலவை அண்ணன் தம்பி இருவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். பெரியவன் ஒரு நிபந்தனை வைத்தான்: இரண்டு வருடம் பார்ப்போம், பாரமாகத் தெரிந்தால் விற்றுவிடலாம். நானும் ஒன்று சேர்த்தேன்: விற்றாலும் இன்ஜினையும் நோட்டுகளையும் பிரிக்காமல் ஒருவரிடமே கொடுக்க வேண்டும். ஒரு தாளில் எழுதி மூவரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டேன். பெரியவன் கையெழுத்து இன்னும் கோணல்தான்.

அதன் பிறகு நடந்த வேலைகள்: டேங்கைக் கழற்றி அடியில் தேங்கிய தண்ணீரையும் பாசி போன்ற கசடையும் கழுவினார்கள். டீசல் டேங்கை அரைகுறையாக வைத்தால் இரவுக் குளிரில் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். இனி நிரப்பியே வைக்கப் போகிறார்கள். ஃபில்டர் இரண்டும் புதிது. ரப்பர் குழாய்கள் எல்லாம் மாற்றம். நாசில் நான்கையும் சோதித்து ஒன்றை மட்டும் மாற்றினார்கள். பிரேக் முழுதாகப் பிரித்துப் பூட்டினார்கள். பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்று தம்பியே சொல்லிவிட்டான். கதவு இடுக்கில் 1984இன் வெள்ளை இன்னும் இருக்கிறது, வெளியில் கொஞ்சம் மங்கல், இருக்கட்டும் என்றான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. எஃப்.சி.க்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போன அன்று டிரைவர் அண்ணன்தான் ஓட்டினார். பழைய நோட்டில் இடம் இல்லை என்று வழியில் நிறுத்தி, பன்னிரண்டாவது நோட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது நான் 11 நோட்டுகளையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். நான்கு முடிந்தது. ஈரம் பட்டு மை பரவிய பக்கங்களில் சில பெயர்கள் தெரியவில்லை. 1984 முதல் 2000 வரை நம்ம ஊரில் இரவு நேரத்தில் ஆஸ்பத்திரி போனவர்கள் வீட்டில் யாராவது இருந்தால், தேதியோடு எனக்கு எழுதுங்கள். வட்டங்களுக்குப் பெயர் போட்டுக்கொள்கிறேன். மில்லுக்காரர் வீட்டுக் காரோடு எடுத்த கல்யாணப் படம் இருந்தாலும் அனுப்புங்கள்.

இன்னொரு உதவி. பின்பக்க இடது சிவப்பு விளக்குக் கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கிறது. சென்னையில் இருப்பவர்கள் யாராவது புதுப்பேட்டைப் பக்கம் போனால், 1980களின் மார்க் 4 அம்பாசிடருக்குப் பொருந்தும் பழைய கண்ணாடி கிடைக்கிறதா என்று விசாரித்துச் சொல்லுங்கள். ஹீட்டர் பிளக் பழைய வகை நான்கு கிடைத்தாலும் வாங்கி வையுங்கள், பணம் அனுப்பிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை காலை பட்டறைக்கு வந்தால் டிரைவர் அண்ணனைப் பார்க்கலாம். பேரனைக் கூட்டிவந்து இருபது எண்ணக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்; பையன் பதினைந்திலேயே சாவியைத் திருப்பிவிடுகிறான்.